உப்பில்லாமல் ஓடிய இருபத்திரண்டு கிலோமீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. நெடுந்தூரம் ஓடுகிறவன் என்றால் நெஞ்சுரம் உள்ளவன் என்று நினைத்து இந்தப் பக்கம் வந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள். நாய்க்குப் பயம், லாரிக்குப் பயம், என் இடது முழங்காலுக்குப் பயம். ஆறு வருடமாக ஓடுகிறேன், ஒரு நாளும் பயப்படாமல் ஓடியதில்லை. போன புரட்டாசி மாதம், ஒரு சனிக்கிழமை, நானும் என் மனைவி மஞ்சுளாவும் புத்தூரிலிருந்து திருச்சானூர் தாயார் கோயிலுக்கு ஓட்டமாகவே போவதென்று கிளம்பினோம். என் கைக்கடிகாரக் கணக்கில் 32.4 கிலோமீட்டர். அன்றைக்கு அதை முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சாலையில் ஓட நினைப்பவர்கள், அதிலும் வேண்டுதலோடு ஓட நினைப்பவர்கள், தயவுசெய்து கடைசி வரைக்கும் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் ஊர் நகரி. எனக்கு மின்தறி உதிரிபாகக் கடை. வீட்டின் பின்கட்டில் நான்கு தறிகள் ஓடுகின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்வது மஞ்சு. நாலு வருடம் முன்னால் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் என்னோடு பள்ளி மைதானத்துக்கு வர ஆரம்பித்தாள். முதல் வாரம் புடவையோடு நடந்தாள். மூன்றாம் மாதம் என்னோடு ஓடினாள். ஒரு வருடத்தில் என்னைத் தாண்டி ஓடினாள். எப்படி இத்தனை தூரம் அலுக்காமல் ஓடுகிறாய் என்று கேட்டால், "பத்து மணி நேரம் தறி முன்னால நிக்கறவளுக்கு இது இன்னா பெரிய விஷயமா?" என்பாள்.

வேண்டுதல் வந்தது போன சித்திரையில். மஞ்சுவின் மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்து சோதனைக்கு அனுப்பிவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்த ஒன்பது நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை, அவள் ஒரு வேளையும் விடாமல் சாப்பிட்டாள். ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்று முடிவு வந்த அன்று சாயங்காலம், "தாயாருக்கு வேண்டிக்கினேன், புரட்டாசில ஓடியே வரேன்னு. நீங்களும் கூட வரணும்" என்றாள். வருகிறேன் என்றேன். அப்போது நிலாவுக்கு ஓடி வா என்றாலும் சரி என்றிருப்பேன். அதோடு இன்னொன்றும் வேண்டியிருந்தாள், அதை மெதுவாகத்தான் சொன்னாள்: ஓடுவதற்கு முன்னால் மூன்று நாள், ஓடுகிற நாள் தரிசனம் முடிகிற வரைக்கும், உப்பில்லாச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். என் மாமியார் வீட்டில் வருடா வருடம் யாராவது ஒருவர் இருப்பார்கள். அதனால் எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய அந்த ஒன்றுக்குப் பயப்படவில்லை.

நான் பயந்தது வெயிலுக்கு. எங்கள் ஓட்டக் கூட்டத்தில் தாமு என்று ஒருவன். போன கோடையில் சித்தூரில் ஒரு ஓட்டத்தில், வீரமாகத் தண்ணீரே குடிக்காமல் ஓடி, பதினாறாவது கிலோமீட்டரில் மடிந்து விழுந்தான். நான்தான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதடு வெடித்து, கண் மேலே செருகி, அவன் கிடந்த கோலம் இன்னமும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். அன்றிலிருந்து முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் நான் தெருமுனைக்குக்கூட ஓடுவதில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். நகரியில் அதிகாலை 4.10 பஸ். எனக்கு 30 ரூபாய் டிக்கெட், மஞ்சுவுக்கு ஆதார் காட்டினால் இலவசம். 4.40க்கு புத்தூர். பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு டீ, அவளுக்கு வெறும் வாழைப்பழம். புத்தூர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிற ஊர். "கை கால் உடைஞ்சா இங்கயே உடைஞ்சுடணும், வசதி" என்றேன். மஞ்சு சிரிக்கவில்லை, வாயில் கோவிந்த நாமம் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுதலுக்காகப் புதிதாக வாங்கிய மஞ்சள் சுடிதார், இரண்டு கையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு பச்சைக் கண்ணாடி வளையல். ஓடும்போது எதற்கு இவ்வளவு வளையல் என்று கேட்டதற்கு, தாயாரைப் பார்க்க வெறுங்கையோடு போவார்களா என்று முறைத்தாள். சரியாக 5 மணிக்குக் கிளம்பினோம்.

முதல் ஒரு மணி நேரம் இருட்டு. சாலையின் இடது ஓரத்தில் மஞ்சள் துணி கட்டிய நடைபயணக் கூட்டங்கள் திருப்பதியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன, நாங்கள் அவர்களைத் தாண்டித் தாண்டி ஓடினோம். வலது பக்கம் லாரிகள். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் அதன் காற்று என்னை ஒரு அடி தள்ளியது, ஒவ்வொரு முறையும் நான் "மஞ்சு, ஓரம்!" என்று கத்தினேன். பதினைந்து தரம் கத்தியிருப்பேன். "இன்னாங்க, ஓடிக்கினு இருக்கும்போது எதுக்கு இப்டி கத்தறீங்க? லாரிய விட நீங்கதான் பயமுறுத்தறீங்க" என்றாள். நான் அவளுக்குப் பின்னால்தான் ஓடினேன். இருட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்பது அந்த வளையல் சத்தத்தில்தான் தெரிந்தது. சல் சல் என்று காலடிக்கு ஒன்றாக. அரை மணி நேரத்தில் அந்தச் சத்தம் எனக்குத் தலைவலியாகிவிட்டது. கழற்றிப் பையில் போடேன் என்றுகூடச் சொன்னேன்.

விடிந்ததும் தண்ணீர்ப் பந்தல்கள் வர ஆரம்பித்தன. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், புரட்டாசிச் சனிக்கிழமையில் இந்தச் சாலையில் கையில் தண்ணீர் இல்லாமல் போனாலும் தாகத்தால் சாக முடியாது. கிலோமீட்டருக்கு ஒரு பந்தல். சொம்போடு குறுக்கே வந்து நிற்பார்கள், நில்லாமல் போனால் கூடவே ஓடி வருவார்கள். தண்ணீர், மோர், சுண்டல், பொங்கல். மோரிலும் சுண்டலிலும் பொங்கலிலும் உப்பு இருக்கிறது, அதனால் மஞ்சு தண்ணீர் மட்டும் வாங்கினாள். ஆறாவது கிலோமீட்டரில் அவள் போதும் என்று கையைக் காட்டியபோது, பந்தலில் நின்ற ஒரு பெண்மணி விடவே இல்லை. "அக்கா, தாயார் வாசலுக்குப் போறவங்க வேணாம்னு சொல்லக்கூடாதுக்கா. ஒரு வாய் குடிச்சிட்டுப் போ, எனக்குப் புண்ணியம்." மஞ்சு ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள். நான் பின்னாலிருந்து, "குடி குடி, நல்லது" என்றேன்.

இதோடு என் பங்கு வேறு. கடிகாரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும்படி வைத்திருந்தேன். அடிக்கும்போதெல்லாம் பாட்டிலை நீட்டினேன். ஒரு தடவை, "வயிறு குளுகுளுன்னு ஆடுது, தாகமே இல்லங்க" என்றாள். தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமு மாதிரி ஆகிவிடும் என்றேன். தாமு பெயரைச் சொன்னால் அவள் மறுத்துப் பேசமாட்டாள், அது எனக்குத் தெரியும். பையில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் நான்கு இருந்தது. அதைக் கரைத்துக் கொடுக்கட்டுமா என்றேன். "அதுல உப்பு இருக்குதே" என்றாள். நானும் உள்ளே வைத்துவிட்டேன்.

வடமாலப்பேட்டை 13வது கிலோமீட்டர், மணி 7.05. நான் நாலு இட்லி துன்னேன், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன், அவ்வளவு பசி. 40 ரூபாய். மஞ்சுவுக்கு இன்னொரு வாழைப்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும். அங்கே அவள் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "விரல் இறுக்கமா இருக்குது" என்றாள். வெயில் சூட்டுக்கு வீங்கும் என்றேன். எனக்கென்ன தெரியும், தெரிந்தவன் மாதிரி சொன்னேன்.

ஊரைத் தாண்டினால் கணவாய். எங்கள் பக்கத்தில் எல்லோரும் தெலுங்கில் கனுமா என்றே சொல்வோம். ஏற்றம் பெரிதில்லை, ஆனால் காற்று நின்றுபோகும், இரண்டு பக்கமும் பாறை. அங்கே நடந்தும் ஓடியும் போனோம். எனக்கு அந்த இடம் சுகமாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. லாரிகளின் வேகம் குறைந்தது, நாய்கள் இல்லை, அமைதியாக இருந்தது. இந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. வளையல் சத்தம் நின்றிருந்தது. அவள் எனக்கு ஐந்தடி முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தாள், கை ஆடிக்கொண்டிருந்தது, வளையல் மட்டும் ஆடவில்லை. அப்பாடா, ஒருவழியாக ஓய்ந்தது என்று நினைத்தேன்.

19வது கிலோமீட்டரில் தலை பிளக்கிறது என்றாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவள் வாந்தி எடுத்தாள், வெறும் தண்ணீர். வெயில் அடித்துவிட்டது, தாமுவுக்கு வந்ததுதான் வந்துவிட்டது, இதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை. வாந்தியில் தண்ணீர் போய்விட்டதே என்று அரை லிட்டர் பாட்டிலை அவள் வாயிலேயே வைத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். "இன்னும் பன்னெண்டு பதிமூணுதான. வேண்டிக்கினு பாதில ஆட்டோ ஏறுவாங்களா? அறுந்த நூலு மாதிரிதாங்க, முடிஞ்சி வுட்டா ஓடும்" என்று எழுந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். அவள் பிடிவாதத்துக்கு முன்னால் என் பயம் எப்போதும் தோற்றுத்தான் பழக்கம்.

கணவாயைத் தாண்டியதும், மணி 8.45 இருக்கும், என் பக்கம் திரும்பினாள். "தறி ஏன் ஓடல? கரண்ட் போச்சா?" என்றாள்.

நான் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். "எந்தத் தறி மஞ்சு?" என்றேன். "நாலும் நின்னுடுச்சு. சத்தமே இல்ல. யார் நிறுத்தினது?" அவள் கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் யார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் தினம் பார்த்த கண். என் வாழ்க்கையில் எத்தனையோ விஷயத்துக்குப் பயந்திருக்கிறேன், அதெல்லாம் பயமே இல்லை என்று அந்த நொடியில் தெரிந்தது. இன்னும் நாற்பது அடி நடந்திருப்பாள். 22.3 கிலோமீட்டர், ஒரு வேப்பமரம், பக்கத்தில் மஞ்சள் வர்ணம் அடித்த சின்னப் பாலம். அங்கே முழங்கால் மடங்கி விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

நடைபயணக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. யாரோ அவள் கையில் சாவி கொடுத்தார்கள், யாரோ நாமம் சொன்னார்கள். நான் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் ஊற்றப் போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஓர் ஆட்டோக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார். "ஒத்து ஒத்து! வேணாண்ணா! மூர்ச்சைல இருக்கறவங்க வாயில நீள்ளு ஊத்துவாங்களா? மூச்சுக்குள்ள பூடும். தூக்குங்கண்ணா முதல்ல, தூக்குங்க!" அன்று காலையிலிருந்து என் கையைத் தடுத்த முதல் ஆள் அவர்தான். பெயர் ரமணா. ஆம்புலன்ஸுக்கு யாரோ போன் செய்திருந்தார்கள், இருபது நிமிடம் ஆகும் என்றார்களாம். ரமணா காத்திருக்கவில்லை. பின்சீட்டில் மஞ்சுவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையை என் தொடைமேல் வைத்து, திருப்பதி வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார்.

ஓடிக் கடக்க வேண்டிய அந்தப் பத்து கிலோமீட்டரை நான் அப்படித்தான் பார்த்தேன், பார்த்தேன் என்றும் சொல்ல முடியாது. இழுப்பு நின்று குறட்டை மாதிரி ஒரு மூச்சு வந்தது. அது நிற்கிறதா வருகிறதா என்று எண்ணிக்கொண்டே போனேன். தாயே, உனக்கு வேண்டிக்கொண்டுதானே வந்தாள், கட்டி இல்லை என்று காட்டிவிட்டு இப்படிச் செய்வாயா என்று வாய்விட்டே திட்டினேன். ரமணா திரும்பாமலே, "திட்டுண்ணா, பரவால்ல. ஆமெகி அலவாட்டு" என்றார். அந்த அம்மாவுக்கு இது பழக்கம்தான் என்று அர்த்தம். ஆஸ்பத்திரி வாசலில் 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். சவாரி விட்டுவிட்டு வந்தவர், கேட்டது நியாயமான தொகை.

உள்ளே ஒரு பெண் டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது. வெயில் அடித்துவிட்டது, தண்ணீர் வற்றிவிட்டது, சீக்கிரம் தண்ணீர் ஏற்றுங்கள் என்று நான் தமிழும் தெலுங்குமாகக் கத்திக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. மஞ்சுவின் கையைத் தூக்கிப் பார்த்தார். வளையல்களை விரலால் தள்ளினார். நகரவில்லை. பன்னிரண்டும் முழங்கைக்குக் கீழே சதையில் பதிந்து கிடந்தன. அப்புறம் என்னைப் பார்த்து நல்ல தமிழிலேயே கேட்டார். "வறண்டு போனவங்க கை இப்படி வீங்குமா? எவ்ளோ தண்ணி குடிச்சாங்க?"

கணக்குப் போட்டேன். ஐந்து லிட்டருக்கு மேல் வந்தது. "சாப்பாடு?" வாழைப்பழம் என்றேன். உப்பில்லா விரதம், மூன்று நாளாக, என்றும் சொன்னேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு ஏதோ புரிய ஆரம்பித்துவிட்டது. அவர் நர்ஸிடம் இப்போதைக்கு எதுவும் ஏற்ற வேண்டாம், முதலில் ரத்தம் அனுப்பு என்றார். ஊசி குத்த நரம்பு தெரியவில்லை. வளையல்களைக் கழற்றவும் முடியவில்லை. நர்ஸ் கத்தரிக்கோலின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்தார். என் கண்முன்னால் என் பெண்டாட்டியின் கண்ணாடி வளையலை உடைக்கிறார்கள். எங்கள் வீடுகளில் அது எப்போது நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "ஐயோ" என்று வாயைத் திறந்தேன். அடுத்த நொடியே, அது எனக்கான சகுனமாகவே இருக்கட்டும், இவள் எழுந்தால் போதும் என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது, அழகுக்காக எழுதவில்லை.

ரத்தத்தில் உப்பு 119. குறைந்தது 135 இருக்க வேண்டுமாம். குடித்த தண்ணீர் ரத்தத்தில் இருந்த கொஞ்சநஞ்ச உப்பையும் கரைத்து, மூளை வீங்கியிருந்தது. நெடுந்தூரம் மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் இது வரும், வேகமாக ஓடுகிறவர்களுக்குக் குடிக்க நேரம் இருக்காது என்றார் டாக்டர். "இன்னும் ஒரு பாட்டில் போயிருந்தா?" என்று கேட்டேன். அவர் மஞ்சு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெளியே வந்து, முதுகுப் பையில் மீதி இருந்த தண்ணீரை வாசலில் இருந்த செடிக்கு ஊற்றிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தாமு தண்ணீர் இல்லாமல் விழுந்தான். இவளை நான் தண்ணீராலேயே விழவைத்தேன். எது நடந்துவிடக் கூடாது என்று பயந்தேனோ அதையே என் கையால் பாட்டில் பாட்டிலாக ஊட்டியிருக்கிறேன்.

கெட்டியான உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினாலும் ஆபத்தாம். சாயங்காலம் நாலரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மஞ்சு கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க" என்றாள். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. "எத்தினி கிலோமீட்டர் ஓடனோம்?" 22.3 என்றேன். பிறகு பாட்டிலைக் காட்டி, "இது இன்னா ஏத்தறாங்க?" என்றாள். உப்பு என்றேன். "ஐயய்யோ, உப்பா? விரதம்?" என்று எழப் பார்த்தாள். நான் சிரித்தேன், சிரிக்கும்போதே மூக்கு ஒழுகியது, நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார்.

மூன்று நாளில் வீட்டுக்கு வந்தோம். இனிமேல் ஓட்டம் கிடையாது என்று சொல்லி அவள் ஷூவைக் கடைப் பரண்மேல், பழைய தறி நாடாப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒரு மாதம் அவள் கேட்கவே இல்லை. நானும் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒருநாள் கடைக்கு வந்து, நேராக ஏணியைப் போட்டு, ஷூவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. செத்துப் பிழைத்தது போதாதா என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கத்தினேன். அவள் கத்தவில்லை.

"தறில நூல் அறுந்தா இன்னா பண்ணுவோம்? நிறுத்தி முடிவோம். அன்னிக்கி நான் நிறுத்தாம ஓட்டினேன், தப்பு என்னுது. நீங்க கண்ண மூடிக்கினு எண்ணெய ஊத்திக்கினே இருந்தீங்க, அது உங்க தப்பு. அதுக்குன்னு தறியவே கடாசிடுவாங்களா?"

கடையில் இருந்த வாடிக்கையாளர் நியாயம்தானே என்றார். அவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம்.

டாக்டரிடம் மறுபடி போனோம். ரத்தம் சரியாக இருக்கிறது, உப்பு போட்டுச் சாப்பிட வேண்டும், தாகம் எடுத்தால் மட்டும் குடிக்க வேண்டும், ஓடலாம் என்றார். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணிக்கு நகரியில் திருப்பதி பஸ் ஏறினோம். கணவாய் தாண்டி அந்த மஞ்சள் பாலத்தில் நிறுத்தச் சொன்னதும் கண்டக்டர், "இக்கட ஏமுந்தி? ஒண்ணுமே இல்லியே, காடுதான" என்றார். மஞ்சு, "எங்களுக்கு பாக்கி இருக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பஸ் போனதும் அந்த வேப்பமரத்தடியில் எனக்குக் கால் அசையவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஓட ஆரம்பித்துவிட்டாள். புதிய வளையல், இந்த முறை சிவப்பு.

10.1 கிலோமீட்டர், பனிக்காலக் காலை, சாலை காலியாக இருந்தது. பதினொரு தடவை என் கை முதுகுப் பைக்குப் போய்த் திரும்பியது, எண்ணினேன். ஒரு தடவைகூட நீட்டவில்லை. அதை விடக் கஷ்டமான வேலையை இந்த ஆறு வருடத்தில் நான் செய்ததில்லை. ஆறாவது கிலோமீட்டரில் ஒரு கடையில் அவளாகவே நின்று, "அண்ணா, ஒரு மஜ்ஜிக, உப்பு தூக்கலா" என்றாள். பாதி மோரைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினாள். நான் காலையிலிருந்து எதுவுமே குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முடிவுக்கு முன்னால், போகப்போகிறவர்களுக்கு. புத்தூரிலிருந்து 5 மணிக்கு முன்னால் கிளம்பாதீர்கள், லாரி அதிகம். முதுகில் மினுங்கும் பட்டை கட்டாயம். கணவாய்க்கு முன்னால் வடமாலப்பேட்டையில் உப்புள்ளதாக ஏதாவது சாப்பிடுங்கள். திருச்சானூரிலிருந்து திருப்பதிக்கு ஷேர் ஆட்டோ ஆளுக்கு 20 ரூபாய். பந்தல்காரர்களைப் புண்படுத்த வேண்டாம், ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் புண்ணியம் குறையாது. உப்பில்லா விரதம் இருந்தால் ஓடாதீர்கள், ஓடினால் விரதம் இருக்காதீர்கள். தாயார் இரண்டையும் ஒன்றாகக் கேட்கவில்லை, நாமாகத்தான் சேர்த்துக்கொள்கிறோம். மோதிரம் இறுகினால், கை உப்பினால், தலை வலித்தால், தண்ணீரை நிறுத்துங்கள், ஓட்டத்தையும் நிறுத்துங்கள். விடாமுயற்சி என்றால் நிற்காமல் ஓடுவது என்று ஆறு வருடம் நினைத்திருந்தேன். நின்ற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்பி வருவதும் அதில் சேர்த்திதான். கூட ஓடுகிறவருக்கு ஒரு வேலைதான்: பார்த்துக்கொண்டிருப்பது. என் மாதிரி பயந்தவர்கள் பார்ப்பதற்குப் பதிலாக ஏதாவது செய்துகொண்டே இருப்போம்.

கடைசி ஒரு கிலோமீட்டரைச் சொல்லாமல் விட்டேன். அதுவரைக்கும் அவளுக்குப் பின்னாலேயே, அந்த வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஓடினேன். சத்தம் வருகிறது என்றால் கை வீங்கவில்லை, அவ்வளவுதான் எனக்குக் கணக்கு. அவளிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் கிண்டல் செய்வாள். திருச்சானூர்க் கடைத்தெரு வந்ததும் ஆட்டோ ஹாரன், ஒலிபெருக்கி, பஸ். வளையல் சத்தம் கேட்கவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. கேட்கவில்லை. "மஞ்சு!" என்று கத்தப் போனேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டே வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, எனக்குக் கேட்கிற மாதிரி, நன்றாக ஒரு உலுக்கு உலுக்கிக் காட்டினாள்.